அரியலூர்க் கடலின் வயது

பெரம்பலூர் மாவட்டத்தில் காரை என்ற ஊரை ஒட்டி, மழைநீர் அரித்து அரித்துக் கூறுகூறாகப் பிளந்து போட்ட களிமண் மேடுகள் இருக்கின்றன. புல் பூண்டு அதிகம் தலைகாட்டாத நிலம். வெயில் ஏறினால் மண்ணுக்குள்ளிருந்து ஜிப்சத் தகடுகள் பளபளக்கும். குனிந்து பார்த்தால் விரல் நீளத்தில், ஒரு முனை கூர்ந்த பழுப்புக் கற்கள் கிடைக்கும். கணவாய்க்கு உறவான பெலம்னைட் என்ற கடல்பிராணியின் உடலுக்குள் இருந்த ஓட்டின் மிச்சம் அது. இன்னும் கொஞ்சம் தேடினால் வரிவரியாகச் சுருண்ட வட்டக் கற்களும் அகப்படும். அவை அம்மோனைட்டுகள். வீட்டுப் பூஜையில் சாளக்கிராமம் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சுருள் புதிதாகத் தெரியாது. நேபாளத்துக் கண்டகி நதியில் எடுக்கும் சாளக்கிராமமும் அம்மோனைட்டுதான். வங்கக் கடல் காரையிலிருந்து கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

கடல் ஒரு காலத்தில் இதுவரை வந்திருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். எப்போது வந்தது என்பதுதான் கேள்வி. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு என்கிறார்கள். அவ்வளவு பெரிய எண்ணைக் கேட்டதும் தலையாட்டிவிட்டு நகர்வதே பலருக்கும் வழக்கம். ஆனால் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பார்த்தால்தான் சுவாரஸ்யம். காரையில் பொறுக்கிய ஓர் அம்மோனைட்டை உலகத்தின் ஆகச்சிறந்த ஆய்வகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தாலும், அந்த ஒற்றைக் கல்லை மட்டும் வைத்து வயது சொல்லிவிட முடியாது. அதன் வயது வேறொரு கண்டத்தில் கணக்கிடப்பட்டு இந்த மேடுகளுக்கு வந்து சேர்ந்தது.

கீழடிக்குப் பிறகு தமிழ்நாட்டில் 'கார்பன் டேட்டிங்' என்ற சொல் டீக்கடை வரை வந்துவிட்டது. கீழடியில் தோண்டியெடுத்த கரித்துண்டை அனுப்பி கி.மு. 6ஆம் நூற்றாண்டு என்று முடிவு வாங்கியது போல, காரையின் ஓடுகளையும் அனுப்பினால் என்ன என்று தோன்றலாம். அனுப்பிப் பயனில்லை. உயிருள்ள எல்லாவற்றிலும் இருக்கும் கார்பன்-14, உயிர் போனபின் 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. இப்படிப் பத்துமுறை பாதியானால் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அதனால் சுமார் 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் இந்த முறை கைகொடுக்காது. கோடிகளில் பேசவேண்டிய இடத்தில் கார்பனுக்கு வேலையே கிடையாது.

அப்படியானால் முதலில் வயதைக் கண்டவர்கள் எப்படிக் கண்டார்கள்? எண் இல்லாமலேயே கண்டார்கள்.

1840களில் சென்னை மாகாணத்தில் பணியிலிருந்த கே, கன்லிஃப் என்ற இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பக்கங்களில் சேகரித்த ஓடுகள் இங்கிலாந்துக்குக் கப்பலேறின. எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற இயற்கை ஆய்வாளர் அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1846இல் அறிக்கை வெளியிட்டார். தமிழகத்து அம்மோனைட்டுகள் பல, ஐரோப்பாவில் கிரட்டேசியஸ் என்ற புவியியல் காலத்துப் பாறைகளில் கிடைப்பவற்றோடு ஒத்துப்போனதை அவர் கண்டார். அம்மோனைட்டுகளிடம் ஒரு வசதி உண்டு. அவை கடலில் பரவலாக வாழ்ந்தவை. அதே சமயம் வேகமாக மாறியவை. ஓர் இனம் தோன்றிச் சில லட்சம் ஆண்டுகளில் மறைந்து இன்னோர் இனம் வந்துவிடும். மறைந்த இனம் திரும்பவும் தலைகாட்டாது. ஆகவே ஒரே இனம் இரண்டு நாட்டுப் பாறைகளில் கிடைத்தால் இரண்டு பாறையும் ஏறக்குறைய ஒரே காலத்தவை.

கிராமத்துப் பாட்டியிடம் வயதைக் கேட்டால், "தனுஷ்கோடி புயலுக்கு முந்தின வருஷம் பொறந்தவ" என்று சொல்வதுண்டு. பிறந்த தேதி அவருக்குத் தெரியாது. புயலுக்கு முன்னா பின்னா என்பது தெரியும். புயல் 1964 டிசம்பரில் அடித்தது என்று இன்னொருவர் சொன்னால் பாட்டிக்கு வயது வந்துவிடும். ஃபோர்ப்ஸிடம் புயல் இருந்தது. அது எந்த ஆண்டு என்பதுதான் இல்லை.

அவருக்குப் பின் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்ட் இந்தப் பகுதி முழுவதையும் வரைபடமாக்கி 1862இல் ஒரு பெரிய ஆய்வேட்டை வெளியிட்டார். அடியில் ஊட்டத்தூர் அடுக்கு, அதன்மேல் திருச்சிராப்பள்ளி அடுக்கு, அதற்கும் மேல் அரியலூர் அடுக்கு என்று அவர் பிரித்த வரிசை சிற்சில திருத்தங்களோடு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. இதில் ஒளிந்திருக்கும் விதி எளியது: கடலடியில் சேறு மேலே மேலேதான் படியும், எனவே கீழே இருப்பது மூத்தது. ஓடைச் சரிவுகளில் அடுக்குகள் லேசாகக் கிழக்கே சாய்ந்திருப்பதால், மேற்கே ஊட்டத்தூரிலிருந்து கிழக்கே அரியலூரை நோக்கி நடப்பவர் மூத்த கடலிலிருந்து இளைய கடலுக்கு நடக்கிறார். இத்தனைக்கும் வண்டியில் போனால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான தூரம்தான்.

சேகரித்த ஓடுகளை விவரிக்கும் வேலை ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்காவிடம் வந்தது. இன்றைய செக் நாட்டில் பிறந்து கல்கத்தாவில் வேலைக்குச் சேர்ந்த அந்த இளைஞர், பத்தாண்டுகளில் தென்னிந்தியாவின் கிரட்டேசியஸ் உயிர்களைப் பற்றிக் கனமான தொகுதிகளை எழுதி முடித்தார். பிறகு மத்திய ஆசியப் பயணம் ஒன்றில் திரும்பி வரும் வழியில், 1874இல், லடாக் மலைகளில் இறந்துபோனார். அவர் பெயரிட்ட அம்மோனைட் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கதைக்கு அது தேவைப்படும். இதே வட்டாரத்தில் ஓதியம் பகுதியில் கிடைத்த, தடித்த முண்டுகள் கொண்ட அந்த இனத்துக்குத் தன் சகா ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் பெயரை அவர் சூட்டினார். பல்லாவரத்தில் 1863இல் கற்கோடரி கண்டெடுத்து இந்தியாவின் கற்கால வரலாற்றையே திறந்துவைத்த அதே ஃபூட். இன்று அந்த அம்மோனைட்டின் முழுப்பெயர் சூடாஸ்பிடோசெராஸ் ஃபூட்டியானம்.

இவ்வளவு செய்தவர்களாலும் ஆண்டுக்கணக்கு சொல்ல முடியவில்லை. பிளான்ஃபோர்டின் ஏடு வந்த அதே 1862இல், பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று அறியப்பட்ட இயற்பியலாளர் வில்லியம் தாம்சன், உருகிய நிலையிலிருந்து பூமி ஆறுவதற்கு எவ்வளவு காலமாகும் என்று கணக்கிட்டு, மொத்த வயது 2 கோடி முதல் 40 கோடி ஆண்டுக்குள் இருக்கவேண்டும் என்றார். போகப்போக அதையும் 2 கோடி, 4 கோடி என்று சுருக்கினார். அவர் சொன்னது சரியென்றால் காரைக் கடலுக்கே இடமில்லாமல் போயிருக்கும். அடுக்கடுக்காகக் கிடந்த பாறைகளைப் பார்த்த புவியியலாளர்களுக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் அவர்கள் கையில் எதிர்க்கணக்கு இல்லை.

எதிர்க்கணக்கு கதிரியக்கத்திலிருந்து வந்தது. யுரேனியம் தானாகச் சிதைந்து கடைசியில் ஈயமாகிறது என்பதும், அது சிதையும் வேகத்தை வெப்பமோ அழுத்தமோ மாற்றுவதில்லை என்பதும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெளிவாயின. 1907இல் அமெரிக்கர் போல்ட்வுட் பாறைகளில் யுரேனியத்தையும் ஈயத்தையும் அளந்து முதல் வயதுகளை வெளியிட்டார். 1911இல் லண்டனில் மாணவராக இருந்த ஆர்தர் ஹோம்ஸ், நார்வே நாட்டுப் பாறை ஒன்றுக்கு 37 கோடி ஆண்டு என்று கணக்கிட்டார். கெல்வின் கடைசியில் மொத்தப் பூமிக்கும் கொடுத்ததைவிட ஒரே ஒரு பாறைக்குப் பல மடங்கு அதிகம்.

இன்று இந்த அளவீட்டுக்கு ஆய்வாளர்கள் பெரிதும் நம்புவது சிர்கான் என்ற கனிமத்தை. எரிமலைக் குழம்புக்குள் பிறக்கும் படிகம் இது. ஒரு பரல் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்குதான் இருக்கும். பாறையைப் பொடித்து, நீரிலும் கனமான திரவங்களிலும் அலசி, காந்தத்தில் ஒட்டுவதை நீக்கி, மிஞ்சுவதை நுண்ணோக்கியின் கீழ் பரப்பி, ஊசிமுனையால் ஒவ்வொரு பரலாக ஒதுக்குகிறார்கள். தெளிந்த, விரிசலில்லாத பரலே தேர்வாகும். அதைச் சூளையில் சுட்டு, அமிலத்தில் ஊறவைத்து, பழுதான பகுதி கரைந்தபின் மிஞ்சும் நல்ல பகுதியை மட்டும் மூடிய கலத்தில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் 200 டிகிரிக்கு மேல் நாள்கணக்கில் வைத்து முழுக்கக் கரைக்கிறார்கள். அந்தத் துளி நிறை நிறமாலைமானிக்குப் போகிறது. அதில் ஈய அணுக்கள் எடை வாரியாகப் பிரிந்து எண்ணப்படுகின்றன. அறையில் மிதக்கும் ஒரு தூசியில் இருக்கும் ஈயம்கூட விடையைக் கெடுத்துவிடும் என்பதால், வடிகட்டிய காற்று ஓடும் அறைக்குள் தலைமுதல் கால்வரை மூடிய உடையில்தான் வேலை நடக்கும்.

சிர்கானை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்? படிகமாகும்போது அது யுரேனியத்துக்கு இடம் கொடுக்கும். ஈயத்தை ஏறக்குறைய முழுவதுமாக வெளியே நிறுத்திவிடும். ஆகவே பின்னால் அதற்குள் காணும் ஈயம் யுரேனியம் சிதைந்து வந்தது. அதோடு சிர்கானுக்குள் ஒன்றல்ல, இரண்டு கணக்குகள் ஓடுகின்றன. யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு ஆகும். யுரேனியம்-235க்கு 70 கோடி ஆண்டே போதும். இரண்டும் தனித்தனி வகை ஈயமாக மாறுகின்றன. 9 கோடியே 39 லட்சம் ஆண்டு வயதுள்ள பரலில், முதல் வகை யுரேனியம் நூற்றுக்கு ஒன்றரைப் பங்குக்குச் சற்றுக் குறைவாகவும், இரண்டாம் வகை நூற்றுக்கு ஒன்பது பங்குக்குச் சற்றுக் குறைவாகவும் சிதைந்திருக்கும். இரண்டும் ஒரே வயதைக் காட்டினால் பரல் நம்பத்தக்கது. இடையில் எப்போதாவது ஈயம் கசிந்து வெளியேறியிருந்தால் இரண்டு விடைகளும் முரண்பட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். அளவீட்டு முறையே தன் பிழையைத் தானே வெளிப்படுத்துவது அறிவியலில் அபூர்வமான வசதி.

காரையிலும் ஒரு சிர்கானை எடுத்து அளந்துவிட்டால் என்ன? களிமண்ணில் சிர்கான் இருக்கத்தான் செய்யும். ஆனால் அவை மேற்கே இருந்த பழைய மலைப்பாறைகள் தேய்ந்து ஆறுகளோடு அடித்து வந்தவை. அவற்றை அளந்தால் மலையின் வயது கிடைக்கும். கடலின் வயது கிடைக்காது. கடல் இருந்தபோதே பிறந்து, விழுந்து, சேற்றோடு படிந்த கனிமம் வேண்டும். அதைத் தருவது எரிமலைச் சாம்பல்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் புவெப்லோ என்ற நகரத்துக்கு மேற்கே ஒரு பாறைவெட்டு இருக்கிறது. கிரட்டேசியஸ் காலத்தில் வட அமெரிக்காவின் நடுவே வடக்கு தெற்காக ஒரு கடல் கிடந்தது. அதன் மேற்கே எரிமலைகள் வெடித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு பெரிய வெடிப்பிலும் சாம்பல் கடலில் விழுந்து அடியில் மெல்லிய படலமாகத் தங்கி, காலப்போக்கில் பென்டோனைட் என்ற களியாக மாறியது. அந்தப் படலங்களுக்குக் கீழும் மேலும் அம்மோனைட்டுகள். செனோமானியன் என்ற காலம் முடிந்து டூரோனியன் தொடங்கும் எல்லையை உலகம் முழுவதற்கும் வரையறுக்கப் புவியியலாளர்கள் தேர்ந்தெடுத்த இடம் இது. இங்கே எல்லைக்குச் சற்று மேலே வரும் ஓர் அடுக்கின் அடையாள அம்மோனைட் சூடாஸ்பிடோசெராஸ் ஃப்ளெக்சுவோசம். ஓதியத்தில் ஸ்டோலிச்கா ஃபூட்டின் பெயர் சூட்டிய அம்மோனைட்டுக்கு அது ஒரே பேரினத்துப் பங்காளி.

அந்தச் சாம்பல் படலங்களின் சிர்கான்களை அளந்தார்கள். வேறொரு கனிமமான சானிடினில் பொட்டாசியம் ஆர்கானாக மாறுவதையும் தனியாக அளந்தார்கள். மூன்றாவதாக இன்னொரு கணக்கும் இருந்தது. புவெப்லோவில் சுண்ணாம்புக்கல்லும் களிக்கல்லும் மாறிமாறி அடுக்காக வருகின்றன. பூமியின் சாய்வும் சுற்றுப்பாதையும் ஒழுங்காக மாறுவதால் பருவநிலையில் உண்டாகும் ஏற்ற இறக்கத்தின் தடம் அது. அந்த அடுக்குகளை எண்ணினால், ஒரு சாம்பல் படலத்துக்கும் அடுத்ததுக்கும் இடையே எவ்வளவு காலம் ஓடியது என்பது தெரியும். மூன்றையும் இணைத்து 2012இல் வெளியான முடிவு: எல்லையின் வயது 9 கோடியே 39 லட்சம் ஆண்டு, முன்பின் ஒன்றரை லட்சம்.

அம்மோனைட்டுகளும், அவற்றோடு புதைந்த கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் ஓடுகளும் கைகோத்து இந்த எண்ணைக் கொலராடோவிலிருந்து ஆப்பிரிக்கா, ஐரோப்பா வழியாகப் பெரம்பலூர் வரை கொண்டுவந்து சேர்க்கின்றன. காரைக் களிமண்ணின் மேற்பகுதியில் அந்தப் பேரினத்து அம்மோனைட் இருந்தால் அந்த மட்டம் டூரோனியன் தொடக்கத்தை ஒட்டியது. அதற்குக் கீழே இருக்கும் காரைக் களிமண் பத்துக் கோடியையும் தாண்டிப் பின்னால் போகிறது. பாட்டியின் புயலுக்கு ஆண்டு கிடைத்துவிட்டது.

எண்கள் மாறாமல் இருந்ததில்லை. இதே எல்லை 1980களின் அட்டவணைகளில் 9 கோடியே 10 லட்சம் ஆண்டு என்று இருந்தது. கருவிகள் கூர்மையானபோது அது கிட்டத்தட்ட 30 லட்சம் ஆண்டு பின்னுக்குப் போனது. இதைச் சொல்லி, நாளுக்கொரு கணக்கு என்று குறைகூறுவோர் உண்டு. அவர்கள் கவனிக்கத் தவறுவது ஒன்றை: இத்தனை திருத்தங்களிலும் பிளான்ஃபோர்ட் வெறுங்கண்ணால் கண்ட வரிசை தலைகீழாகவில்லை. ஊட்டத்தூர் இன்றும் மூத்தது, அரியலூர் இன்றும் இளையது.

இந்தக் கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது? பல இடங்களில் கடல்படிவம் நேராகப் பழைய படிகப்பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது. அது பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் வெட்டியெடுத்த சார்னோகைட்டின் சொந்தக்காரப் பாறை. கல்கத்தாவில், அந்தப் பாறைக்குப் பெயர் தந்த ஜாப் சார்னோக்கின் கல்லறையை மூடியிருக்கும் கல்லும் சென்னைப் பக்கத்திலிருந்து போனதுதான். அந்தச் சென்னைப் பாறைகளின் வயது சுமார் 250 கோடி ஆண்டு. அந்த வயதுள்ள சிர்கானில் யுரேனியம்-238இன் மூன்றில் ஒரு பங்கு ஈயமாகியிருக்கும். யுரேனியம்-235 நூற்றுக்கு ஒன்பதுக்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கும். 250 கோடி ஆண்டுப் பாறைக்கும் அதன்மேல் படிந்த கிரட்டேசியஸ் சேற்றுக்கும் இடையில் ஒரு கோடு மட்டுமே தெரியும். ஒரு விரலால் தொட்டுவிடக்கூடிய அந்தக் கோட்டில் 240 கோடி ஆண்டு வரலாறு காணாமல் போயிருக்கிறது. ஆக்சிஜன் காற்றில் நிறைந்தது, பலசெல் உயிர்கள் தோன்றியது, மீன் கரையேறியது, இந்தியா அண்டார்க்டிகாவோடு ஒட்டியிருந்தது எல்லாம் அதற்குள் அடக்கம். இந்த ஊர்ப் பாறை அதைப் பதிவு செய்யவில்லை, அல்லது பதிவானது தேய்ந்து போய்விட்டது. பூமியின் வரலாற்றை எந்த ஒரே இடத்திலும் முழுதாகப் பார்க்க முடியாது. பல நாட்டுப் பாறைகளைக் கோத்துத்தான் அதன் வரிசையே எழுந்தது. அதிலும் 454 கோடி ஆண்டு என்ற மொத்த வயது பூமிப் பாறையிலிருந்து கிடைத்ததல்ல. அரிசோனாவில் விழுந்த இரும்பு விண்கல் முதலியவற்றின் ஈயத்தை அளந்து கிளேர் பேட்டர்சன் 1956இல் 455 கோடி என்று வெளியிட்டார். இன்றைய எண் அதிலிருந்து அதிகம் நகரவில்லை.

மறுமுனையில், அரியலூர் அடுக்கின் உச்சியில் கல்லமேடு. கல்லங்குறிச்சிச் சுரங்கங்களில் சிமெண்ட் ஆலைகளுக்காக வெட்டும் சுண்ணாம்புக்கல் முழுக்க முழுக்கச் சிப்பி. லாரி லாரியாகப் போவது ஏழு கோடி ஆண்டுக் கடல்சிப்பிதான். ஆனால் கல்லமேட்டில் கடல் பின்வாங்கி, ஆற்று மணலும் களியும் படிந்திருக்கின்றன. அங்கேதான் டைனோசர் எலும்புகள் கிடைத்தன. யாதகிரி, அய்யாசாமி என்ற இரு புவியியலாளர்கள் 1987இல் புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டு விவரித்த பிராணி, உலகின் மிகப் பெரிய நிலவிலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கலாம் என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. விவாதத்துக்கு முக்கியக் காரணம், அந்த எலும்புகள் இப்போது இல்லை. பொடிந்துபோகும் தன்மையுள்ள அவை சிதைந்து அழிந்துவிட்டன. படங்களும் குறிப்புகளும்தான் மிச்சம்.

எலும்பு போனாலும் வயது போகவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கல்லமேட்டு ஆற்றுமணலில் அம்மோனைட் கிடையாது, சாம்பலும் கிடையாது. ஆனால் அதற்குக் கீழே கிரட்டேசியஸின் கடைசிக் கட்டத்துக் கடல்படிவம் இருக்கிறது. மேலே நின்னியூர் அடுக்கில் கடல் திரும்ப வந்திருக்கிறது. அதில் அம்மோனைட் ஒன்றுகூட இல்லை, அவற்றின் தூரத்து உறவான நாட்டிலஸ் வகைகள் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் உலகெங்கும் அம்மோனைட்டுகளையும் டைனோசர்களையும் துடைத்தெறிந்த பேரழிவு. அதன் வயதை அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்து நிலக்கரிப் படிவங்களுக்கிடையே உள்ள சாம்பலை அளந்து 6 கோடியே 60 லட்சம் ஆண்டு என்று கண்டிருக்கிறார்கள். மேலும் கீழும் வயது தெரிந்துவிட்டால் நடுவில் இருப்பது தப்ப முடியாது.

இதெல்லாம் ஆர்வலர்களுக்கான செய்தி மட்டுமல்ல. இதே படிவங்கள் கிழக்கே சரிந்து காவிரிப் படுகையின் வயல்களுக்கு அடியில் ஆழமாகப் போகின்றன. எண்ணெய்க் கிணறு துளைக்கும்போது மேலே வரும் பொடிக்கற்களில் முழு அம்மோனைட் கிடைக்காது. ஃபொரமினிஃபெரா என்ற, மணல்துகள் அளவு ஓடுகளைப் பொறுக்கித்தான் துளைமுனை எந்தக் காலத்து அடுக்கில் நிற்கிறது என்று தெரிந்துகொள்கிறார்கள்.

2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டபோது, டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப் முழுக்கச் செய்தி பரவியது. ஆய்வாளர்கள் வந்து பார்த்து, அம்மோனைட்டைச் சுற்றிக் கடல்படிவம் இறுகியவை என்று விளக்கினார்கள். அன்று கூட்டம் கூட்டமாகப் போனவர்களின் ஆர்வம் உண்மையானது, வரவேற்க வேண்டியது. வருத்தம் வேறிடத்தில் இருக்கிறது. காரை, கொளக்காநத்தம் ஓடைப்பகுதி தேசியப் புவியியல் நினைவுச்சின்னங்களின் பட்டியலில் இருக்கிறது. இருந்தும் அழகான சுருளாகப் பார்த்துப் பையில் போட்டுக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். எந்த ஓடையில், எந்த மட்டத்தில், எதற்கு மேலே எடுத்தது என்ற குறிப்பு இல்லாமல் அலமாரிக்குப் போய்விட்ட அம்மோனைட் பெரும்பாலும் ஆய்வுக்கு உதவாது. முறையாகச் சேகரிப்பவர் முதலில் அடுக்கை அளந்து, படமெடுத்து, இடத்தைக் குறித்துவிட்டுத்தான் சுத்தியலை எடுப்பார்.

குறிப்பில்லாத கல்லிலும் சில சமயம் ஒரு வாய்ப்பு மிஞ்சியிருக்கும். அருங்காட்சியகங்களில் பழைய சேகரிப்புகளைத் திரும்ப ஆராய்பவர்கள், ஓட்டின் மடிப்புக்குள் ஒட்டியிருக்கும் மண்ணை ஊசியால் கொஞ்சமாகச் சுரண்டி, கண்ணாடிச் சில்லில் பரப்பி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கிறார்கள். அந்தத் துளி மண்ணில் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு அளவுள்ள, கடல் நுண்பாசிகளின் சுண்ணாம்புத் தகடுகள் இருந்தால், எந்தெந்த இனங்கள் என்று பார்த்து, கல் எந்த அடுக்கிலிருந்து வந்தது என்பதை ஓரளவு மீட்டுவிட முடியும். அதனால்தான் கண்டெடுத்த ஓட்டைப் பளபளவென்று கழுவித் துடைத்துவிட வேண்டாம் என்று புவியியல் ஆசிரியர்கள் களத்துக்கு வரும் மாணவர்களிடம் சொல்கிறார்கள்.